மாங்காக்கறி கேட்டரிங்கின் ஆழ்ந்த இரங்கல்

எங்கள் ஊரில் யாராவது செத்தால், வீட்டில் அழுகை ஓய்வதற்குள் சர்ச் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் போர்டு ஏறிவிடும். செத்தவரின் சிரித்த முகம், கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவத்தி, கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’. அதற்கும் கீழே, இரங்கலைவிடப் பெரிய எழுத்தில், இரங்குபவரின் பெயர். கூட்டுறவு வங்கி, நகைக்கடை, டைல்ஸ் கடை, ஆட்டோ ஸ்டாண்டு சங்கம் என்று வரிசையாக நிற்பார்கள். போன் நம்பரும் போட்டிருக்கும். செத்தவரைப் பற்றி விசாரிக்க அந்த நம்பருக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது போட்டவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் வின்சனுக்கு இதில் ஒரு வியாபாரம் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் குவைத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவள். மகள் ஆன்மரியா பால்குடி மறந்ததும் போனேன், அவள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது திரும்பினேன். வாசலில் என்னைப் பார்த்து, விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல, “உள்ள வாங்க” என்றாள். பெற்ற பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்டால்தான் அந்த வலி தெரியும். இனி எந்த விமானத்திலும் ஏறுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். சேர்த்து வைத்தது முழுவதும் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டாகவும் பெரிய அண்டாக்களாகவும் மாறியது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாண வீட்டில் மாங்காக்கறி இல்லாமல் பந்தி எழாது. தேங்காய்ப்பாலில் பச்சை மாங்காய் வெந்து, கடைசியில் சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டிய அந்தக் கறியில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்? கடைக்கு ‘மாங்காக்கறி கேட்டரிங்’ என்று பெயர் வைத்தவர் வின்சன்.

மார்ச் மாதம் எங்கள் சர்ச்சில் சூசையப்பர் ஊட்டுத் திருநாள். பங்கு மக்கள், பக்கத்து ஊர், வழியில் போகிறவர்கள் எல்லாரும் பந்தியில் உட்காருவார்கள். அந்தச் சமையல் யார் கைக்குப் போகிறதோ, அந்த வருஷத்துக் கல்யாணம், ஞானஸ்நானம், வீடு குடிபுகுதல் எல்லாம் அவர் பின்னாலேயே போகும். அது எங்களுக்குக் கிடைத்தால் கடை நிற்கும், நான் ஊரில் இருப்பேன். கிடைக்காவிட்டால் குவைத். பழைய மேனேஜர் ஈஸ்டர் வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் நல்லவராக இருக்கவேண்டிய அவசியம் எனக்கு வரக்கூடாது என்று தினமும் ஜெபித்தேன்.

ஊட்டுக் கமிட்டிக்கு எங்கள் பெயர் தெரியவேண்டும். அண்டாக்களை வாங்கிய பிறகு விளம்பரத்துக்கென்று கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மாளியேக்கல் கேட்டரிங்காரர் பஸ் ஸ்டாண்டு முகப்பையே தன் பெயரால் மூடியிருந்தார். உள்ளூர் கேபிள் சேனலில் அவருடைய பிரியாணி எந்நேரமும் ஆவி பறந்துகொண்டிருக்கும். நாங்கள் நோட்டீஸ் அடித்தோம். பேப்பருக்குள் வைத்துப் போடச் சொல்லிக் கொடுத்ததில் பாதி, மீன்காரி சாரதையின் கையில் மத்தி பொதிகிற காகிதமாகி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. வின்சன் வாட்ஸ்அப்பில் தினம் ஒரு கறியின் படம் போட்டார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் எல்லாம் அவருடைய சித்தப்பா பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய ஒரு பெண்ணுக்கு வாழ்த்து போர்டு வைத்தோம். அந்த வருஷம் ஊரில் ஏ பிளஸ் வாங்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அத்தனை போர்டுகளுக்கு நடுவில் எங்களுடையதைப் படித்தது அந்தப் பெண்ணின் அம்மா மட்டும்தான்.

“எடி ட்ரீசா, ஜனங்க எந்த போர்டை நின்னு படிக்கிறாங்கன்னு ஒரு வாரமா பார்த்துட்டிருக்கேன்,” என்றார் வின்சன் ஒருநாள். “கல்யாண போர்டை யாரும் பார்க்கிறதில்ல. கட்சி போர்டுன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. செத்தவன் போர்டு இருக்கே, பஸ்ஸுல போறவன்கூட கழுத்தை நீட்டிப் பார்க்கிறான். யாரு போனது, என்ன வயசு, எப்ப அடக்கம், எல்லாம் படிச்சிட்டுத்தான் நகர்றான்.”

“அதுக்கு?”

“அதுக்குக் கீழ நம்ம பேரு இருக்கட்டும். நாப்பத்தொண்ணாம் நாள் வரைக்கும் போர்டு நிக்கும். ஒருத்தனும் கிழிக்க மாட்டான். செத்தவன் மூஞ்சியைக் கிழிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?”

“சாவு வீட்டுல போய் மாங்காக்கறி விக்கிறதா? வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

“நகைக்கடைக்காரனுக்கு இருக்கா? செத்தவன் என்ன மோதிரமா வாங்கப் போறான்?”

அந்த வாரமே வின்சன், இறந்துபோன ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவருக்கு முதல் போர்டு வைத்தார். போஸ்ட்மேனின் மகன் அந்த நம்பரைப் பார்த்தே கூப்பிட்டு நாற்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டை எங்களிடம் கொடுத்தான். அவ்வளவுதான், வின்சனைப் பிடிக்க முடியவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய் விசாரிப்பார். அவர் விசாரிக்கும் அக்கறையைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

ஊட்டு நெருங்கிய சமயத்தில்தான் இட்டூப் மாஷ் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், மீதிப் பாதியின் காதைத் திருகியவர். ஊட்டுக் கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் அவருடைய மாணவர்கள். மாஷுக்கு மூச்சுவிடக் குழாய் வைத்தார்கள் என்ற செய்தி வந்த அன்றே வின்சன் ஷிஜுவின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டார். போர்டை ஷெட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். நான்தான் பார்த்தேன். சால்வை போர்த்திய மாஷ் என்னைப் பார்த்துச் சிரித்தார். தேதி எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

“மனுஷன் உயிரோட இருக்கார்!” என்று கத்தினேன்.

“இருக்கட்டுமே. நான் என்ன அந்தக் குழாயைப் பிடுங்கவா போறேன்? அவர் கண்ணை மூடினா ஜங்ஷன்ல கால் வைக்க இடமிருக்காது. பெரிய விளக்குக்குக் கீழ, சர்ச் கேட்டுக்கு நேரா இடம் வேணும்னா முன்னாடியே ரெடியா இருக்கணும். கமிட்டி மீட்டிங்குக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் அதைத் தாண்டித்தான் போகணும்.”

“பாவம் பிடிக்கும்.”

“மணி அடிக்காம இதை வெளிய எடுக்க மாட்டேன். மாதா சத்தியம்.”

பங்கில் யாராவது இறந்தால் சர்ச்சில் கப்பியார் மரண மணி அடிப்பார். மணி விழாமல் யாரும் போர்டு தூக்குவதில்லை. எங்கள் ஊரில் மிஞ்சியிருந்த ஒரே மரியாதை அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மணி விழுந்தது. பூசை மணி துள்ளித் துள்ளி அடிக்கும். மரண மணி விட்டுவிட்டு ஒவ்வொன்றாக விழும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துச் சிலுவை போட்டுக்கொள்வதற்குள் வின்சன் மார்க்கரால் தேதியை எழுதி முடித்துவிட்டார்.

“கப்பியாருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க,” என்றேன்.

“மணிக்கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டிருக்கிறவன் போன் எடுப்பானா? கேட்டு முடிக்கிறதுக்குள்ள மாளியேக்கல்காரன் அந்த இடத்துல நிப்பான்.”

போர்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். போகும்போது அவர் முகத்தில் துக்கம் இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

அவர் நினைத்த இடமே கிடைத்தது. ‘எங்கள் அன்புக் குருநாதர் இட்டூப் மாஷ், எம்.ஏ. அவர்களுக்கு ஆழ்ந்த இரங்கல். மாங்காக்கறி கேட்டரிங். எல்லா விசேஷங்களுக்கும் அணுகவும்.’ சாரதை மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு மார்பில் கை வைத்தாள். ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ நிஜ மெழுகுவத்தியே கொண்டுவந்து கீழே ஏற்றினார்கள். பூசை முடிந்து வந்த பெண்கள் அங்கேயே நின்று ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். பழைய மாணவர் ஒருவர் விம்மிக்கொண்டே மாஷின் மகன் சாபுவுக்குப் போன் செய்தார், அடக்கம் எப்போது என்று கேட்க.

“அப்பா இப்பத்தான் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார்,” என்றான் சாபு. “என்ன உளர்றீங்க?”

மணி கால்வாய்க்கரை ஓரோதைக்காக அடித்தது. எங்கள் தெருவில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவள். அன்று விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டாள். ஓரோதைக்காகவும் மணி அடிக்கும் என்பது ஜங்ஷனில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வின்சனை மட்டும் குற்றம் சொல்லி என்ன?

வின்சன் ஓடிப்போய் போர்டை இறக்கினார். அதற்குள் எல்லார் போனிலும் அது ஏறிவிட்டது. கஞ்சி கேட்ட மாஷ், எரிகிற மெழுகுவத்தி, முட்டி போட்ட பெண்கள், ‘எல்லா விசேஷங்களுக்கும் அணுகவும்’. சிரிப்பதற்கு ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மத்தியானத்துக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.

“சேட்டா, எங்க மாமனார் ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கிடக்கார். நீங்க ஒரு போர்டு வச்சா பிழைச்சுக்குவாரா?”

“மாங்காக்கறிதானே? என் பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கா, இருந்தாலும் ஒண்ணு அடிச்சு வைங்க.”

வின்சன் முதலில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு போனையே அணைத்து அலமாரியில் போட்டார். விளம்பரத்துக்கென்று ஊரெல்லாம் கொடுத்த நம்பர் அது.

ஓரோதையின் அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். கல்லறையைச் சுற்றி ஆள் குறைவு. வந்தவர்களிலும் சிலர் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். வின்சன் அவளுடைய மகளிடம் போய், “அம்மாவுக்கு ஒரு போர்டு வைக்கட்டுமா? எங்க பேரு வேண்டாம். சும்மா வைக்கிறேன்,” என்றார்.

“போட்டோ இல்ல சேட்டா,” என்றாள் அவள். “இருந்தாலும் வேண்டாம். அம்மாவைப் பார்த்தும் சிரிப்பாங்க.”

திரும்பி வரும் வழியில் வின்சன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அழுதார். எனக்கு அவரைத் தட்டிக்கொடுக்கத் தோன்றவில்லை. கோபம் அவ்வளவு இருந்தது.

மறுநாள் நான் ஷிஜுவின் கடைக்குப் போனேன். மாஷிடமும் சர்ச்சிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு போர்டு வைக்கலாமா என்று கேட்கத்தான் போனேன். போர்டால் வந்ததைப் போர்டால்தான் சரி செய்ய முடியும் என்று நினைக்கிற அளவுக்கு நானும் அந்த ஊர்க்காரிதான். ஷிஜு உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தான். சுவரோரமாகச் சுருட்டி நிறுத்தியிருந்த ஃப்ளெக்ஸ்களில் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. அதே சால்வை, அதே சிரிப்பு. கீழே நகைக்கடையின் பெயர். அடுத்ததைப் பிரித்தேன், கூட்டுறவு வங்கி. அடுத்தது ஆளும் கட்சி, அதற்கடுத்தது எதிர்க்கட்சி. கடைசியில் இருந்தது எல்லாவற்றிலும் பெரியது, மாளியேக்கல் கேட்டரிங். எல்லாவற்றிலும் தேதி எழுதும் இடம் காலி.

“சேச்சி, அதைத் தொடாதீங்க,” என்று ஷிஜு ஓடி வந்தான்.

“இவங்கல்லாம் எப்படா கொடுத்தாங்க?”

“மாஷ் ஐசியுவுக்குப் போன அன்னிக்கே. உங்களுக்கு முன்னாடி.” தலையைச் சொறிந்தான். “எல்லாரும் பண்றதுதான் சேச்சி. அவங்க மணி கேட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாங்க. அங்க அவங்களுக்கு ஆள் இருக்கு. உங்க ஆளு மணியை நம்பிட்டார்.”

பத்து நாள் போல ஆகியிருக்கும், மாஷ் வீட்டுக்கு வந்தார். அன்று ஜங்ஷன் முழுக்க போர்டு. ‘மரணத்தை வென்று வந்த எங்கள் மாஷுக்கு வரவேற்பு!’ அதே சால்வை, அதே சிரிப்பு. கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்புப் போட்டிருந்தான் ஷிஜு. மெழுகுவத்தி இருந்த இடத்தில் ரோஜாப்பூ. பெரிய விளக்குக்குக் கீழே மாளியேக்கல்காரரின் போர்டு நின்றது. ஊரே மெச்சியது. மாஷ்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் அதன் முன்னால் நின்று காறித் துப்பினேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

மாஷைப் பார்க்கத் தனியாகத்தான் போனேன். சாபு கதவைப் பாதி திறந்து, “எந்த முகத்தை வச்சுக்கிட்டு வந்தீங்க?” என்றான். உள்ளிருந்து மாஷ், “யாரு, நம்ம மாங்காக்கறியா? உள்ள விடுடா,” என்றார்.

மெலிந்து போயிருந்தார். கண் மட்டும் பழைய கண். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: “போட்டோ நல்லா வந்திருந்தது. ஆனா ஒரு தப்பு. நான் பி.ஏ.தான். எம்.ஏ. போட்டிருந்தீங்க. செத்த பிறகாவது ஒரு படி ஏறட்டும்னு நினைச்சீங்களோ?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குவைத்தைப் பற்றிச் சொன்னேன், ஆன்மரியாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “கமிட்டியில இருக்கிற பொறிஞ்சுகிட்ட நான் பேசறேன். என்கிட்ட படிச்சவன்தான். பெருக்கல் வாய்ப்பாடு கடைசி வரைக்கும் வரல, இருந்தாலும் நன்றி உள்ளவன்,” என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மாஷே மன்னித்த பிறகு ஊருக்கு என்ன?

பொறிஞ்சுதான் சர்ச்சின் கைக்காரர், பணமும் நிர்வாகமும் அவர் பொறுப்பு. ஊட்டுக் கமிட்டி அவர் சொல்படிதான் நடக்கும். விடியலில் எழுந்து மாங்காக்கறி வைத்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். டப்பாவை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை.

“மாஷ் சொன்னார்,” என்றார். “அது அவரோட பெருந்தன்மை. அதுக்காக நாம கூச்சமில்லாம இருக்க முடியுமா?”

“ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா நான் எழுந்து போயிடறேன்.”

“கறியில குத்தமில்ல ட்ரீசா. உங்க பேரு யாருக்கும் தெரியாம இருந்திருந்தா கொடுத்திருப்பேன். இப்ப எல்லாருக்கும் தெரியுது, அதுதான் தொல்லை. ஊட்டுல சோத்தை வாங்கினா ஜனங்க கண்ணுல ஒத்திக்கணும். சிரிக்கக் கூடாது.”

“மாளியேக்கல்காரரும் அதே போர்டு அடிச்சு வச்சிருந்தார். ஷிஜு கடையில என் கையால பிரிச்சுப் பார்த்தேன்.”

“தெரியும்.” அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. “அடிச்சு வச்சிருந்தார். மாட்டலையே.”

டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். வின்சன் ஷெட்டு வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே உள்ளே போய்விட்டார். அன்று மத்தியானம் நாங்கள் அந்தக் கறியைத் தொட்டுக்கொண்டுதான் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் வயிறு எரிந்தது.

ஊட்டுத் திருநாள் சமையல் மாளியேக்கல்காரருக்குப் போனது. எங்கள் அண்டாக்களையும் அவரே வாங்கிக்கொண்டார். ஈஸ்டருக்கு முன்னால் நான் கிளம்பினேன். விமான நிலையத்தில் வின்சன், “எல்லாம் உன்னை இங்க நிறுத்தி வைக்கத்தான்டி பண்ணேன்,” என்றார். “அது தெரியும். அதைத்தான் என்னால மன்னிக்க முடியல,” என்றேன். ஆன்மரியா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போன தடவை அவளுக்குப் பிரிவு என்றால் என்னவென்று தெரியாத வயசு. இந்தத் தடவை அவளுக்கு நான் பழகிவிட்டிருந்தேன். ஒரு பிள்ளையை இரண்டு தடவை விட்டுப் போகிறவளுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

கேன்டீனில் எதுவும் மாறவில்லை. புதிதாக ஒருத்தி சேர்ந்திருந்தாள், கோட்டயத்துக்காரி, குஞ்ஞுமோள் என்று பெயர். நல்ல பெண், சதா வாய் ஓயாது. ஒருநாள் நான் பருப்புக் கிண்டிக்கொண்டிருந்தபோது போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“ட்ரீசா சேச்சி, இதைப் பார்த்தீங்களா? உங்க திருச்சூர்ப் பக்கம்தானாம். சாகாத வாத்தியாருக்கு போர்டு வச்சு, கீழ பொம்பளைங்க முட்டி போட்டு ஜெபம் வேற!”

“பார்த்தேன்,” என்றேன்.

“துபாயில இருக்கிற என் தம்பிக்கு அனுப்பினா, அவனுக்கு முன்னாடியே வந்துடுச்சாம். எங்க நாத்தனார் லண்டன்ல இருக்கா, அவ குரூப்புலயும் இதுதான்.” அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “மாங்காக்கறி கேட்டரிங்! செத்தாலும் இந்தப் பேரு மறக்காது சேச்சி.”

நான் அடுப்பைத் தணித்தேன்.

“சாப்பாடு எப்படி இருக்குமாம்?” என்று கேட்டேன்.

“அது யாருக்குத் தெரியும்?” என்று அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். “சாப்பிட்டதா ஒருத்தரும் எழுதலையே.”